கரையானுக்கு ஸ்தோத்திரம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். என் வீட்டுப் புத்தக அலமாரிக்குக் கரையான் மருந்து அடிக்க வந்தவருடைய கதை இது. ஒரு கப் டீக்கும் நாலு பிஸ்கட்டுக்கும் நடுவில் அவர் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைத் தவிர எதை விட்டுவிட்டுப் போனாலும் எடுத்துக்கொள்வோம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் என் முப்பது வருஷத்து நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் பாதியில் விட்ட கதைகள். ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் ஒன்றை உருவினேன். கையோடு அட்டை மட்டும் வந்தது, உள்ளேயிருந்து மண் கொட்டியது. தரையிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு சுவரில் ஏறி, அலமாரிக்குப் பின்னால் போய், நேராக என் எழுத்துக்குள் நுழைந்திருந்தது. என்னை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் வேறு யாரும் கிடையாது.

மருந்துக்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கழுத்தில் தொங்கும் முகமூடி. மண்கோட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்தார்.

"இன்னைக்கு இவ்வளவுதான் மேடம். நாளைக்கு வந்து பாப்பேன். உடைச்ச எடத்த ஒட்டி வச்சிருந்தா உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம்."

மறுநாள் ஒட்டி வைத்திருந்தது. புது மண், ஈரம்கூடக் காயவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ சொந்தப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி.

"கண்ணே கிடையாது மேடம் இதுகளுக்கு. தடவித் தடவியே கட்டிருக்கு, பாருங்க. ஒரு எடத்துல கோணல் இருக்கா?" என்றார். பிறகு டிரில்லை எடுத்து, சுவரோரமாக அடிக்கு ஒரு துளை போட்டு, மருந்தை உள்ளே விட்டு, அத்தனையையும் கொன்றார்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. டீ கொண்டுபோய் வைத்தேன். கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே.

"எதுக்கு நன்றி சொன்னீங்க?"

"டீக்கு. பிஸ்கட்டுக்கு." கொஞ்சம் யோசித்தார். "கரையானுக்கும்."

நான் சிரித்துவிட்டேன்.

"நீங்களும் சிரிக்கிறீங்க," என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அப்படியென்றால் எனக்கு முன்னால் வேறு யாரோ சிரித்திருக்கிறார்கள். விடுவேனா? தோண்டித் துருவினேன். அவர் சொன்னது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். மூன்று வாரம் முன்பு கோயிலில், ஞாயிறு ஆராதனையில், படைப்புக்கு நன்றி சொல்லும் ஜெபத்தை அவரை நடத்தச் சொன்னார்கள். தான் தினமும் பார்க்கிற பூச்சிகளையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லி நன்றி செலுத்தினார். சிரித்துவிட்டார்கள்.

"அதுக்கப்புறம் வீட்ல சத்தமா ஜெபம் பண்ண வரல மேடம். சாப்பாட்டுக்கு முன்னாடி மனசுக்குள்ளயே சொல்லிக்கிறேன். நான் எப்ப முடிச்சேன்னு அவங்களுக்குத் தெரியுறதில்ல. அதனால ஆமென் சொல்றதில்ல. மனைவியும் பொண்ணும் கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

டீயைக் குடித்து முடித்தார். போகும்போது மண்கோட்டை இன்னொரு இடத்தில் உடைத்து வைத்தார். "ஒரு மாசம் கழிச்சு வந்து பாக்குறேன்," என்றார்.

அவர் கொடுத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் போட்டுக்கொண்டது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

(அ) "கடவுள் கரையானைப் படைத்த அன்று—"

அன்று நான் அங்கே இல்லை. அடித்துவிட்டேன்.

(ஆ) "ஒவ்வொரு முறையும் மருந்தடிப்பதற்கு முன் அவர் அந்தச் சின்ன உயிர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்."

அழகான வாக்கியம், ஆனால் பொய். உண்மையிலேயே இதை அவரிடம் கேட்டேன். "மன்னிப்புக் கேட்டா அப்புறம் அடிக்காம இருக்கணுமே மேடம்," என்றார். நன்றியும் சொல்கிறீர்கள், மருந்தும் அடிக்கிறீர்களே, அது எப்படி என்று மடக்கினேன். "மீன் சாப்பிடும்போது நாம அதத்தானே பண்றோம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு எழுந்து, கதவோரத்தில் மிச்சமிருந்த துளைக்கு டிரில்லைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் என் அடுத்த கேள்வி அடிபட்டுப் போயிற்று.

(இ) "ஊரிலுள்ள அத்தனை சமையலறைகளின் இருட்டையும் அறிந்த அந்த மனிதர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மௌனத்தை மட்டும்—"

இந்த வாக்கியம் பவுடர் பூசிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறது. வேண்டாம்.

(ஈ) இதில்தான் இப்போது இருக்கிறீர்கள்.

3

போதகரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கதையில் ஒரு போதகர் வந்துவிட்டால் அவரைக் கெட்டவராக்கிவிடுவது எங்களுக்குக் கைவந்த கலை. நானும் முதல் பிரதியில் அவருக்குத் தொப்பையும் அதிகாரமும் கொடுத்திருந்தேன். மருந்துக்காரர் "எங்க ஐயா ரொம்பச் சின்ன வயசு, யாரையும் கஷ்டப்படுத்தத் தெரியாது" என்று ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தார். அதனால் தொப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வந்து ஒரு வருஷம்தான் ஆன, ஒல்லியான, யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிக்கிற போதகர்.

அந்த ஆலயத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு படைப்புக்கு நன்றி சொல்வதற்கென்று உண்டு. சபையில் ஒருவர் மைக் முன்னால் நின்று, கடவுள் படைத்ததில் பத்தை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் சபை "உமக்கு ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்லும். சூரியன், சந்திரன், கடல், மலை, பூ, பறவை என்று பட்டியல் அநேகமாக முடிந்தே போன விஷயம். போன வருஷம் நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடலை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் சபை ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

இந்த வருஷம் போதகர் மருந்துக்காரரைக் கேட்டார்.

"அண்ணே, இந்தத் தடவ நீங்க பண்ணுங்க."

"ஐயா, எனக்குப் பேசல்லாம் வராது."

"பேச வேணாம்ணே. நீங்க தினமும் பாக்குற பத்தச் சொன்னாப் போதும்."

அங்கேதான் வந்தது வினை. போதகர் அதைப் பேச்சுக்குச் சொன்னார். மருந்துக்காரர் அதை வேலை உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி செய்து பழகியவர் அவர். அடிக்கு ஒரு துளை என்றால் அடிக்கு ஒரு துளைதான், ஒன்றரை அடிக்குப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

தினமும் பார்ப்பது என்றால் மலை வராது. கடலைக் காலண்டரில்தான் பார்க்கிறார். அந்த வாரம் முழுக்க, மருந்தடித்த வீடுகளில் கையெழுத்து வாங்கும் சர்வீஸ் படிவம் ஒன்றின் பின்பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதை எழுதினார். காலையில் வண்டியை எடுக்கும்போது தெருமுனைச் சுவரில் வந்து விழுகிற வெளிச்சம், அது ஒன்று. பாட்டிலில் தண்ணீர். வீட்டு வாசலில் நிற்கிற மரம். எறும்பு. மற்றதற்கு அவர் தலை நிமிர வேண்டியிருக்கவில்லை. சிங்க்குக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கிடந்தபோது, குழாய் வளைவில் ஒரு பல்லி, ஐந்து விரலையும் விரித்து ஒட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. குழந்தைக் கை. எழுதினார். அலமாரிக் கீல் ஓரத்தில் ஒரு கரப்பான் தன் மீசையை வாய் வழியாக இழுத்து இழுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. கீழிருந்து நுனி வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். இவர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே அது முடிக்கும் வரை பார்த்தார். இவ்வளவு சுத்தக்காரப் பிராணியை இந்த உலகமே அசிங்கம் என்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுதினார். பிறகு மருந்தை வைத்தார்.

எலி. மூட்டைப்பூச்சி. ஒன்பதாவதாகக் கரையான். பதினோரு வருஷத்துக்கு முன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவரை வெளியே கூப்பிட்டு நிறுத்தியது கரையான்தான். அதற்கு ஒன்பதாவது இடம் கொடுத்தது அவருக்கே கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

(பத்தாவது என்ன என்று நான் கேட்க மறந்துவிட்டேன். அப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.)

ஞாயிறு வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. மைக்கின் உயரத்தைக் குறைத்தார்கள். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் அவர் மனைவி, வெள்ளைப் புடவையில். அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களுடைய விரிப்புகளை வெளுத்து மடித்துவிட்டு, ஏழாவது நாள் தன் புடவையைக் கட்டிக்கொண்டு பாட வருவாள்.

"காலையில வர்ற வெளிச்சத்துக்காக, ஆண்டவரே."

"உமக்கு ஸ்தோத்திரம்."

தண்ணீர், மரம், எறும்பு. எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பல்லிக்குக் குழந்தைகள் பக்கம் சின்னச் சலசலப்பு. "கரப்பான்பூச்சிக்காக, ஆண்டவரே," என்றதும் பாதிச் சபை பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சொன்னது எதற்கென்று பிறகுதான் உணர்ந்தது. எலிக்கு ஸ்தோத்திரம் குறைந்து சிரிப்பு கூடியது. மூட்டைப்பூச்சிக்குத் தோள்கள் குலுங்கின.

"கரையானுக்காக, ஆண்டவரே."

அப்போது பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் அவர் மனைவி சிரித்தாள்.*

* இந்த வரியை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டிருக்கிறேன். காரணம் ஏழாம் பகுதியில்.

4

அவள் ஏன் சிரித்தாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். சபைக்கு முகம் காட்டி நிற்கிறாள், எல்லாருடைய கண்ணும் புருஷனிடமிருந்து அவளிடம் தாவுகிறது, வேறு என்னதான் செய்வாள் பாவம்? இப்படி அவளுக்காக நானே வாதாடினேன், நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி.

உண்மையைச் சொன்னால், அவள் சிரித்தால்தான் எனக்குக் கதை நின்றது. ஊர் சிரித்ததற்கா ஒரு மனிதர் வீட்டில் வாயை மூடிக்கொள்வார்? வீட்டில் இருக்கிற ஆள் சிரித்திருக்க வேண்டும். கணக்குச் சரியாக வந்தது. வந்த சந்தோஷத்தில் மளமளவென்று எழுதினேன்.

மேசை. மகள் பாடம் படிக்கிற அதே மேசைதான், புத்தகங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் சாப்பாட்டு மேசை. மூன்று தட்டு. முன்பெல்லாம் அவர் சத்தமாக ஜெபிப்பார். நீளமாகவும் இருக்காது, நாலு வரி. முடிந்ததும் மனைவியும் மகளும் ஆமென் சொல்வார்கள், ஆமென்னோடு கரண்டி பாத்திரத்துக்குள் போகும். இப்போது அவர் கண்ணை மூடுகிறார். உதடு அசைகிறது. நிற்கிறது. மறுபடி அசைகிறதா, மூச்சு விடுகிறாரா? மனைவி கரண்டியில் கை வைத்தபடி காத்திருக்கிறாள். மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறாள்.

"அப்பா, முடிஞ்சா ஏதாவது சிக்னல் குடுங்கப்பா. பசிக்குது."

"முடிஞ்சிருச்சு, சாப்பிடு."

"அப்ப நான் ஆமென் சொல்லலையே."

"மனசுக்குள்ள சொல்லிக்கோ," என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுப் பரிமாறினாள். சாப்பாடு ஆறியிருந்தது.

5

முடிவுகள்.

முதலாவது: ஆலயத்துப் பிரசங்க மேடையிலேயே கரையான் பிடித்துவிடுகிறது. கமிட்டி முழுவதும் அவரிடம் ஓடி வருகிறது. சிரித்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று— படிக்கும்போதே முகத்தைச் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. நானும் அப்படித்தான்.

இரண்டாவது: அவர் மருந்து டப்பாக்களையெல்லாம் தலை முழுகிவிட்டுச் செடி வளர்க்கப் போகிறார். போகட்டும், ஆனால் என் அலமாரியை யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது: ஒருநாள் மேசையில், அவர் கண்ணை மூடியிருக்கும்போது, மனைவி உடைந்துபோய்ச் சொல்கிறாள்: "என்ன மன்னிச்சிருங்க. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது." அவர் அவள் கையைப் பிடிக்கிறார். பிறகு, ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக, வாய் திறந்து ஜெபிக்கிறார்.

இதை எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நம் எழுத்துக்கு நாமே அழுவதைப் போன்ற சுகம் கிடையாது. இதுதான் முடிவு என்று நகலெடுத்து வைத்தேன்.

6

ஒரு மாசம் கழித்து அவர் வந்தார். சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு. நேராக அலமாரியிடம் போய் உட்கார்ந்தார். மண்கோட்டில் போன தடவை உடைத்து வைத்த இடம் உடைத்தபடியே இருந்தது. விரலால் தொட்டார். பொடியாக உதிர்ந்தது.

"முடிஞ்சிருச்சு மேடம்," என்றார். அன்றைக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது இருந்த முகம் இன்றைக்கு இல்லை.

சமையலறையில் கரப்பானுக்கு மருந்து வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் அலமாரிக் கதவுகளைத் திறந்து, கீல்களின் ஓரத்தில் ஊசியால் கடுகளவு கடுகளவாக மருந்துப் பசையை வைத்துக்கொண்டே வந்தார். நான் நகலோடு போய் நின்றேன்.

"உங்கள வச்சு ஒரு கதை எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டட்டுமா?"

"என்னையவா?" கூச்சத்தில் காதெல்லாம் சிவந்தது. "படிங்க மேடம். நான் பாட்டுக்கு வேலையப் பாக்குறேன்."

படித்தேன். பல்லிக் கையைக் கேட்டுத் தலையாட்டினார். தலைமையாசிரியரின் இரண்டாவது கடலுக்கு உடம்பு குலுங்கச் சிரித்தார். (அது என் கற்பனை. "எங்க கோயில்லயும் ஒருத்தர் அப்படிப் பண்ணிருக்கார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.) அந்தத் தைரியத்தில் குரலை ஏற்றி இறக்கி, பாடகர் குழு, இரண்டாவது வரிசை, மனைவி சிரித்தாள் என்று படித்து நிறுத்தினேன். நல்ல இடத்தில் நிறுத்துவது எனக்குத் தெரியும்.

ஊசி கீலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"அவ சிரிக்கல மேடம்."

"என்னது?"

"என் வீட்டுக்காரி. சிரிக்கல. நீங்க சிரிச்சான்னு எழுதிட்டீங்க."

"பேரெல்லாம் போடல. படிக்கிறவங்க யாருக்கும் தெரியாது—"

"எனக்குத் தெரியுமே."

நகலைத் தாழ்த்திப் பிடித்தேன். அவர் ஊசிக்கு மூடியைப் போட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாரும் தெரிஞ்சவங்கதான் மேடம். கெட்ட சிரிப்பு இல்ல. நான் ஏதோ ஜோக்குக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க. மூட்டைப்பூச்சி சொல்லிட்டு நிமிந்து பாத்தேன். அத்தன மூஞ்சியும் என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கு. அடுத்தது கரையான். பேப்பர்ல இருக்கு, வாய் வரல. அப்ப என்ன தோணுச்சுன்னே தெரியல." நிறுத்தினார். "நானும் சிரிச்சுட்டேன். மைக்லயே. ஜோக்குதான்ங்கற மாதிரி. குரல மாத்தி, 'அடுத்து வர்றார் நம்ம கரையானார்'னு வேற சொன்னேன். கோயிலே குலுங்கிப் போச்சு."

நான் நகலை மடித்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

"பதினோரு வருஷம் மேடம். என் பொண்ணு சாப்பிட்டது, படிச்சது எல்லாம் அதுல வந்தது. ஒரு வாரம் உக்காந்து மனசார எழுதினேன். கடைசில நாலு பேர் சிரிக்கிறாங்கன்னதும் அவங்களோட சேந்துக்கிட்டு நானே அதக் கேலி பண்ணிட்டேன். கடவுள் முன்னாடி நின்னுக்கிட்டு."

"உங்க மனைவி?"

"எல்லாரும் சிரிச்சு ஓஞ்சதும் அவ மட்டும் சொன்னா. 'உமக்கு ஸ்தோத்திரம்'னு. ஒத்தக் குரலா. கோவமா இல்ல, சத்தமாவும் இல்ல. எப்பவும் சொல்ற மாதிரி." அவர் ஊசி மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "அதுக்கப்புறம் என்னால நிக்க முடியல. பேப்பர மடிச்சுக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்து அவ ஒண்ணுதான் கேட்டா. 'ஒம்பதுதானே சொன்னீங்க?'ன்னா. எண்ணிருக்கா மேடம். கோயிலே சிரிக்குது, அவ எண்ணிக்கிட்டு இருந்திருக்கா."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதை இறுக்கி மூடுகிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன்.

"சத்தமா ஜெபம் பண்ணா அவ ஆமென் சொல்லுவா. அத நெசமாவே சொல்லுவா. அதத்தான் என்னால தாங்க முடியல. ஆறுன சோத்த முன்னாடி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. அது தெரிஞ்சும் வாய் வரல."

"பத்தாவது என்ன?" இந்த முறை கேட்க மறக்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "சொன்னா எழுதிருவீங்க. அத வீட்லதான் சொல்லணும்." எழுந்து, மீதியிருந்த இரண்டு கீலுக்கும் மருந்து வைத்து முடித்தார். பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கதைய நிறுத்த வேணாம் அக்கா. அத மட்டும் மாத்திருங்க. அவ சிரிச்சான்னு எங்கயும் இருக்கக் கூடாது. நான் சிரிச்சேன்னு போட்டுருங்க."

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று நான் கவனிக்கவில்லை. இன்று டீ கொடுக்கவும் மறந்திருந்தேன். கூப்பிடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

7

திருத்தம்:

"கரையானுக்காக, ஆண்டவரே," என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

அவ்வளவுதான் திருத்தம். மூன்றாம் பகுதியில் பழைய வரியை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அடித்துவிட்டால் நான் யோக்கியமாகிவிடுவேன். பார்த்தேயிராத ஒரு பெண்ணை, கதை நிற்கவேண்டும் என்பதற்காகச் சிரிக்க வைத்தவள் நான். அவர் மைக் முன்னால் செய்ததும் நான் மேசை முன்னால் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். எதிரில் சிரிக்கக் காத்திருந்த முகங்களுக்காகச் செய்தது. எனக்கு இதில் உண்மையாகவே வெட்கம்.

அவள் ஏன் ஸ்தோத்திரம் சொன்னாள் என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆஸ்பத்திரி விரிப்புகள் என்ன மாதிரி நிலையில் வரும், அதையெல்லாம் முகம் சுளிக்காமல் பிரித்துப் போட்டுப் பழகிய கை, அதனால்— வேண்டாம். இந்த முறை மூக்கை நுழைக்கப்போவதில்லை. சொன்னாள். எண்ணினாள். எனக்குத் தெரிந்தது இரண்டுதான்.

(என் பாதிக் கதைகளைத் தின்றுவிட்டுக் கரையான் எனக்கு ஒரு முழுக்கதையைக் கொடுத்துவிட்டுப் போயிற்று என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அழகுக்காகச் சொன்னது. இது முழுக்கதையும் இல்லை.)

ஒன்று மட்டும் சொல்லலாம். கோயில் வாசலை மிதித்து எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுவதும் அதோடு நின்றுபோனது. மருந்துக்காரர் போன மறுநாள் காலை, டீயோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கீல் ஓரத்தில் ஒரு கரப்பான். மீசையை வாய் வழியாக இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அதிலிருந்து நாலு விரல் தள்ளி அவர் வைத்த மருந்து. வழக்கமாகச் செருப்பைத் தேடுகிறவள், அது முடிக்கும் வரை நின்று பார்த்தேன். டீ ஆறிவிட்டது. குடிப்பதற்கு முன் ஏதோ சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை.

8

இனி உங்கள் பொறுப்பு. மேசையை நான் போட்டுவிடுகிறேன்.

மாலை ஏழு மணி. மகள் புத்தகங்களை ஓரத்துக்குத் தள்ளியாயிற்று. மூன்று தட்டு, தண்ணீர், மூடி வைத்த பாத்திரம். மருந்து வாடை போகும்வரை குளித்துவிட்டு அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் நாலாக மடித்த சர்வீஸ் படிவம், மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. எதிரில் மனைவி, கரண்டியில் கை வைத்தபடி. ஏழு வாரமாக அவள் எதுவும் கேட்கவில்லை. இன்றும் கேட்கப்போவதில்லை. மகள் ஒரு கண்ணை மட்டும் மூடியிருக்கிறாள்.

அவர் படிவத்தை வெளியே எடுக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வாய் திறப்பாரா, உதட்டோடு முடித்துக்கொள்வாரா என்பதும் தெரியாது. தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எண் என்னிடம் இருக்கிறது. கேட்கமாட்டேன். அவர் வரியை நான் எழுதக் கூடாது. உங்களுக்குத் தோன்றியதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், யாரையும் சிரிக்க வைப்பதற்காகப் போடாதீர்கள்.

மனைவியின் வரி மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதை எழுதிவைத்து, பத்தாவது இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறேன்.

"கரையானுக்காக, ஆண்டவரே."

"உமக்கு ஸ்தோத்திரம்."

"........................................ , ஆண்டவரே."

"உமக்கு ஸ்தோத்திரம்."